நிறம் காயும் வரை

சிங்காநல்லூர்
17-1-1994

அன்பு மகள் மயிலாத்தாளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். பிலாயில் நீயும் மாப்பிள்ளை கதிர்வேலும் குழந்தை வர்ஷினியும் சுகமாக இருக்க மருதமலையான் துணை இருக்கட்டும்.

அம்மணி, இந்தக் கடிதத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். பொங்கலன்று ஆரம்பித்தேன், இன்றைக்கு நாலாம் நாள். ஒரு வரி எழுதினால் விரல் பிடித்துக்கொள்கிறது. உதறிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

போன ஆவணியில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் அறிவொளி வகுப்பு ஆரம்பித்தார்கள். சித்திகா என்று ஒரு பெண் சொல்லித் தருகிறாள். பகலில் தையல் கடையில் வேலை, சாயங்காலம் எங்களுக்கு டீச்சர். எனக்கு அறுபத்தேழு, அவளுக்கு இருபத்திரண்டு. முதல் நாள் பலகையில் ஒரு எழுத்தைப் போட்டு, "அப்பா, இதுதானுங்க 'ப'. உங்க பேர்ல மொதல் எழுத்து" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பள நோட்டில் கையெழுத்தாக அதை எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன்! அதற்கு ஒரு பேர் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். தீப்பெட்டி, உப்புப் பொட்டலம், சுவர் விளம்பரம். பெரியநாயக்கன்பாளையம் என்று போர்டு போட்ட பஸ் ஒன்று நின்றது. நான் எழுத்துக் கூட்டி 'பாளையம்' வருவதற்குள் பஸ் போய்விட்டது.

நீ இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் ஆகிறது. அம்மாவின் காரியம் முடிந்து போனவள்தான். இந்த வருஷம் ஒரு தடவை வா. இதைக் கேட்கத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். இன்னொருத்தர் கையால் எழுதிக் கேட்க என்னால் முடியவில்லை.

குழந்தைக்கு என் முத்தம்.
அப்பா
ப. பாலுசாமி


பிலாய்
20-2-1994

அப்பாவுக்கு மயிலாத்தாள் வணக்கம். இங்கே மூவரும் நலம். பிரஷர் மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் சாப்பிடுங்கள்.

கடிதம் வந்தது. யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முகவரி மாற்றி எழுதிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்த பிறகுதான் விளங்கியது. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது. தினமும் காலையில் பேப்பரை விரித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்களே! என் ரேங்க் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணக்குல இன்னும் கொஞ்சம் பார்க்கோணும்" என்று சொல்லுவீர்களே!

அவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. வர்ஷினிக்குப் பரீட்சை நெருங்குகிறது. இந்த வருஷம் வர முடியும் என்று தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால், வந்து என்ன செய்வேன் அப்பா? அன்றைக்கு இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே வந்தேன். நான் வந்து சேர்ந்தபோது வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் காத்திருக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மயிலாத்தாள்


சிங்காநல்லூர்
9-3-1994

அன்பு மகளுக்கு அப்பா ஆசி. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். உன் கடிதம் மாப்பிள்ளையையும் குழந்தையையும் பற்றி நல்ல சேதி சொன்னது. அதுவே போதும்.

பேப்பர் விஷயம் கேட்டாய். நான் படங்களைப் பார்ப்பேன். உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "என்னமோ கரண்ட்டுக் கட்டாமுங்க, உங்க பேப்பர்ல பெருசாப் போட்டிருக்கறானே" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்குச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியாது. ரேங்க் கார்டிலும் அப்படித்தான். முந்தின ராத்திரியே அவள் படித்துச் சொல்லியிருப்பாள். நான் வேலை பார்த்த இரும்பு வார்க்கிற பவுண்டரியிலும் யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷம் பம்பு வார்ப்பதற்கு மரத்தில் பேட்டர்ன் என்கிற மாதிரி உரு செய்தவன். பம்பு வரைபடத்தில் இருக்கிற கோடும் எண்ணும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோடு படிக்கிறவனுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்?

வேறு ஒரு சந்தோஷ சேதி. தை மாதம் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "தெனமும் அரை மணி நேரம் கண்ண மூடி, ஒண்ணும் நெனைக்காம உக்காருங்க பெரியவரே" என்றார். கண்ணை மூடினால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பெட்டியிலிருந்து என் பழைய காம்பஸை எடுத்தேன். ஒரு வட்டம் போட்டேன். அதே அகலத்தில் காம்பஸை வைத்து வட்டத்தின் மேலேயே நடக்கவிட்டால், சரியாக ஆறு அடியில் கிளம்பின இடத்துக்கே வந்துவிடும். ஆறு புள்ளிகளை ஒன்று விட்டு ஒன்று சேர்த்தால் மேலே பார்த்த ஒரு முக்கோணம், கீழே பார்த்த ஒரு முக்கோணம். முருகனின் சக்கரம் வந்துவிட்டது. சுற்றி ஆறு தாமரை இதழ், அதைச் சுற்றி நாலு வாசல் வைத்த கட்டம். வகுப்புக்கு டீச்சர் கொண்டுவந்த வாட்டர் கலர் பெட்டியை யாரும் தொடவில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு கட்டி, ஒரு பிரஷ்.

இந்தக் கலரில் ஒரு குணம் இருக்கிறது, அம்மணி. மஞ்சள் காயும் முன் பக்கத்தில் சிவப்பை வைத்தால் சிவப்பு கோடு தாண்டி மஞ்சளுக்குள் ஓடிவிடும். முதல் ஐந்து சக்கரம் அப்படித்தான் கெட்டது. ஒரு நிறம் வைத்தால் அது காயும் வரை சும்மா இருக்க வேண்டும். பிரஷைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். ஈரமாக இருக்கும்போது தாள் மினுங்கும். மினுக்கம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் நடுவில் ஒரு துளியாக நின்று, போய்விடும். அதற்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கும். அந்த நேரத்தில் மட்டும் அந்த நாள் வருவதில்லை. டாக்டர் மறுபடி பார்த்து, "என்னங்க பண்ணுனீங்க, எறங்கியிருக்குதே?" என்றார்.

பக்கத்து வீட்டுக் கண்ணையாவுக்குத்தான் பொறுக்கவில்லை. லேத் பட்டறையில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏனுங் பாலுசாமி, சக்கரம் எல்லாம் போடறீங்க, யாருக்குங்க செய்வினை?" என்றார். "உங்களுக்குத்தானுங்க, வாய் கட்டறதுக்கு" என்றேன். எதிர்வீட்டு அம்மா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ஒரு சக்கரம் இத்துடன் வைத்திருக்கிறேன். சித்திரை லீவுக்கு வா.
அப்பா
பாலுசாமி


பிலாய்
2-5-1994

அப்பாவுக்கு வணக்கம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. மற்றபடி எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் வெளியே போகும்போது தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு போங்கள்.

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

சக்கரத்தை வர்ஷினி அவளுடைய அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். "தாத்தா ஸ்கேல் வெச்சுப் போட்டாரா, சும்மாவா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நிறம் கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. நிறம் காயும் வரை காத்திருக்க இப்போது உங்களுக்குத் தெரிகிறது. அன்றைக்கு ஒரே ஒரு நாள் தெரியவில்லையா?

எழுதிவிட்டேன். இதையும் கிழிக்காமல் தபாலில் போடப் போகிறேன்.

லீவுக்கு வரவில்லை. மாத்திரை சாப்பிடுங்கள்.
மயிலாத்தாள்


சிங்காநல்லூர்
24-5-1994

அன்பு மகளுக்கு அப்பா. உடம்பு பரவாயில்லை. கோடை மழை இரண்டு நாள் பெய்தது. குளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. அங்கேயும் வெயில் தணிந்து உங்களுக்கு நல்ல தூக்கம் வரட்டும்.

கிழிக்காமல் அனுப்பியதற்குச் சந்தோஷம். நான் நாலு தடவை படித்தேன். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை. கொஞ்சம் பொறு.

சித்திகா டீச்சரிடம், "என் மக கோவமா எழுதியிருக்குது" என்றேன். "கோவமா இருந்தாலும் எழுதியிருக்காங்களேப்பா" என்றாள். அதுவும் சரிதான்.

ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் விட்டுவிடு. இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. பாதிச் சக்கரம் போட்டிருக்கிறேன். இடது பாதி. மறுபாதியை நீ போடு. பன்னிரண்டு அங்குல வட்டம். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு என்று பின்னால் அளவு எழுதியிருக்கிறேன். குழந்தையின் ஜியாமெட்ரி பெட்டி போதும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றாகிவிடும்.

பேச வேண்டியதில்லை. எழுதக்கூட வேண்டியதில்லை. போட்டு அனுப்பு.
அப்பா


பிலாய்
28-6-1994

அன்புள்ள அப்பாவுக்கு மயிலாத்தாள் வணக்கத்துடன். எல்லோரும் சுகம். அவருக்கு மட்டும் கொஞ்சம் இருமல், கஷாயம் கொடுக்கிறேன். உங்களுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய பாதியை ஒரு வாரம் பீரோ மேலேயே போட்டுவைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அவர் ஷிப்ட்டுக்கும் இவள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு எடுத்தேன். இங்கே மத்தியானங்கள் மிகவும் நீளம் அப்பா. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எல்லோரும் இந்தி. பதினாலு வருஷமாகியும் நான் பாதிக்குச் சிரித்துத்தான் பதில் சொல்கிறேன். கடியாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

அன்றைக்குக் கடியாரம் கேட்கவில்லை. நீலத்தை வைத்துவிட்டுக் காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வர்ஷினி வந்து, "அம்மா, ஏன் கதவையே திறக்கல? அஞ்சு தடவை பெல் அடிச்சேன்!" என்று கத்தினாள்.

ஆனால் ஒரு விஷயம். உங்கள் அளவு தப்பு. என் பாதியை உங்கள் பாதியோடு வைத்தால் சேரவில்லை. மேலே சேர்த்தால் கீழே ஒரு நெல் மணி அகலத்துக்கு விலகுகிறது. முக்கோணத்தின் கோடு முறிந்த கை மாதிரி நிற்கிறது. மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டேன். என்னுடையது சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அவரும் அளந்தார். "உங்கப்பா பேட்டர்ன் மேக்கரு, அவரு அளவு தப்பாது. நீதான் எங்கியோ கோட்டை உட்டுபோட்ட" என்கிறார். கோபம் கோபமாக வந்தது. நான் உட்டுபோடவில்லை. நீங்களே பாருங்கள். என் பாதியை அனுப்பியிருக்கிறேன்.

மயிலாத்தாள்


சிங்காநல்லூர்
13-7-1994

என் கண்ணுக்கு அப்பா. சுகம், சுகம், இடுப்பு வலியும் சுகம். மாப்பிள்ளையின் இருமல் போய்விட்டதா?

நீ ஜெயித்தாய். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. உன் அளவு சரி. என் அளவுதான் தப்பு.

உன் பாதியை என் பாதியின் நகலோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நெல் மணி விலகல்தான். முப்பத்தொரு வருஷத்தில் என் வேலை ஒரு தடவைகூட அப்படி விலகியதில்லை. மனசு கெட்டுப் போய்க் கண்ணையாவைக் கூப்பிட்டேன். அவர் என் ஸ்கேலைக் கையில் எடுத்தார், பார்த்தார், சிரித்தார், சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். "ஏனுங், இது கன்ட்ராக்ஷன் ஸ்கேலுங்க! சாமியைச் சுடச்சுட ஊத்தப் போறீங்களா? ஆறுனாச் சுருங்கிப் போகும்னு முருகனுக்குச் சேர்த்து அளவு வெச்சிருக்கறீங்க!"

உனக்குப் புரிய வேண்டுமே. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே எங்களிடம் ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அடி என்பது உண்மையில் ஓர் அடியும் அரைக்கால் அங்குலமும். பன்னிரண்டு என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் பன்னிரண்டைவிடப் பெரியது. வேறு ஸ்கேல் என் கையில் இருந்ததே இல்லை. உலகத்தில் எல்லோருடைய அங்குலமும் அதுதான் என்ற மாதிரி இருந்துவிட்டேன்.

நேற்றுக் கடைக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேல் ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "பேத்திக்குங்களா?" என்றார். "இல்லீங்க, நானும் படிக்கறனுங்க" என்றேன். உன் அளவுக்குப் புதிதாக இடது பாதி போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் பாதியையும் திருப்பி வைத்திருக்கிறேன். சேர்த்துப் பார்.

அப்பா


பிலாய்
16-8-1994

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் உடம்பு நலம்தானே? இங்கே மழை. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அவர் இருமல் சரியாகிவிட்டது.

சேர்ந்துவிட்டது அப்பா. எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் மஞ்சளும் என் மஞ்சளும் மட்டும் வேறு வேறு. அவர் அதற்குச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். "அளவு மகளுது, கைவேலை அப்பனுது, ஆணி அடிச்சது நான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

இப்போது தினமும் மத்தியானம் ஒன்று போடுகிறேன். நீங்கள் சொன்னது சரி. நிறம் காயும் நேரத்தில் மனசு எங்கும் போவதில்லை. ஆனால் காய்ந்து முடிந்ததும் திரும்பி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. ஆவணி பிறக்கப் போகிறது. அம்மா போய் மூன்று வருஷம்.

கோபத்தில் கேட்கவில்லை அப்பா. அமைதியாக இருக்கும்போது கேட்கிறேன். அன்றைக்கு ஏன் காத்திருக்கவில்லை? பொறு என்று எழுதினீர்கள், பொறுத்தேன். என்ன பதிலாக இருந்தாலும் சரி. அது தெரியாமல் என்னால் அந்த வாசலில் கால் வைக்க முடியாது. தெரிந்தால் முடியுமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மயிலாத்தாள்


சிங்காநல்லூர்
2-11-1994

மகளுக்கு அப்பா. உயிரோடு சுகமாக இருக்கிறேன். கடிதம் வரவில்லை என்று பயந்திருப்பாய். நீ கண்ணையா பேருக்கு எழுதிய கார்டை அவர் கொண்டுவந்து காட்டினார். "அந்தப் புள்ளைக்கு ரெண்டு வரி எழுதுங்க. எழுதத் தெரியலீன்னா நான் எழுதறனுங்க" என்று சத்தம் போட்டார். எழுதத் தெரியும் என்பதுதான் கஷ்டம். முன்பென்றால் தெரியாது என்று சும்மா இருந்திருப்பேன்.

இந்த இரண்டரை மாதத்தில் சக்கரமும் போட முடியவில்லை. காம்பஸ் முள் தாளில் நிற்கவில்லை.

அம்மா போனது திங்கள் காலை. கண்ணையா உனக்குத் தந்தி அடித்தார். செவ்வாய் காலை பத்து மணிக்கு உன்னிடமிருந்து தந்தி வந்தது. பந்தல் நிறைய ஜனம். தபால்காரர் என்னைக் கேட்டு வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்தக் கையெழுத்து ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

உன் மாமன் திருமலைசாமி எழுந்து வந்தார். "ஏனுங் மாப்ளை, புள்ளகிட்டயிருந்துங்களா? வருதாமா? வர்றதா இருந்தா ஐஸ் வாங்கி வெச்சுப்போடலாம்" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பவுண்டரி ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள். நான் தாளைப் பிரித்தேன். பேப்பர் பார்ப்பது மாதிரி பார்த்தேன். எனக்குப் படித்துச் சொல்ல ஒருத்திதான் இருந்தாள். அவள் உள்ளே படுத்திருந்தாள்.

மாமன் கையில் கொடுத்திருக்கலாம். கண்ணாடி இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்களை எல்லாம் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான். மாமன் மறுபடியும், "வருதுங்களா, இல்லீங்களா?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

மத்தியானம் எடுத்தோம். மறுநாள் சாயங்காலம் நீ பெட்டியோடு வந்து நின்றாய்.

இதுதான் பதில். எழுத்து கற்றுக்கொண்டதும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்தேன். பிரித்தால் அது இங்கிலீஷ். ஒரு எழுத்தும் புரியவில்லை. சித்திகா டீச்சரிடம் காட்டியிருக்கலாம். கையில் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வகுப்புக்குப் போனேன். காட்டவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் ஆட்டிய தலை தப்பா, சரியா என்றும் தெரியாது.

அனுப்பி வைக்கட்டுமா? என்ன எழுதியிருந்தாய் என்று நீயே சொல்லு.
பாலுசாமி


பிலாய்
12-11-1994

அப்பா,

நலம். அனுப்ப வேண்டாம். தபாலில் தொலைந்துவிடும். நானே வந்து படித்துச் சொல்கிறேன். அவர் டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். கார்த்திகைக்கு முன்னால் வருவேன்.

சாப்பிடாமல் இருக்காதீர்கள்.
மயிலாத்தாள்


சிங்காநல்லூர்
29-12-1994

என் கண்ணு மயிலாத்தாளுக்கு அப்பா எழுதுவது. நீ ரயில் ஏறி ஐந்து வாரம் ஆகிறது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு உடம்பு திருப்தி. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நீ இருந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு லீவு விட்ட மாதிரி இருந்தது. இப்போது வீடு மறுபடியும் பெரிதாகிவிட்டது. ஒரு டம்ளரை வைத்தால் அடுத்த அறை வரை கேட்கிறது. மத்தியானத்தில் பிலாயில் நீ பிரஷை எடுத்திருப்பாய் என்று நானும் அதே நேரத்துக்கு எடுக்கிறேன். காம்பஸ் முள் இப்போது நிற்கிறது.

வந்த அன்று நீ பெட்டியைக் கூடத் திறக்காமல், "எங்கீங்கப்பா அது?" என்று கேட்டாய். கொடுத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாய். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாய். "'டிக்கெட் கிடைக்கல. எனக்காக வெச்சிருக்க வேண்டாம்'னு எழுதியிருக்கேங்கப்பா. அப்பறமாத்தான் டிக்கெட் கெடைச்சுது, கெளம்பி வந்துட்டேன். நீங்க தலையாட்டுனது சரிதானுங்க." நான் கேட்டேன், "அப்ப இத்தன நாள் கோவம் எதுக்கு அம்மணி?" என்று. "என் மேலயே கோவமுங்கப்பா" என்றாய். அப்படியே என் தோளில் தலையை வைத்துக்கொண்டாய். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் முழுத் தூக்கம் தூங்கினேன். மறுநாள் நீ, "இந்தத் தாளைக் கிழிச்சுப்போடலாங்களா?" என்றாய். இருக்கட்டும் என்றேன்.

இந்த மாதம் சித்திகா டீச்சர் வேண்டியவர்களுக்கு இங்கிலீஷ் எழுத்தும் சொல்லித் தருகிறாள். நானும் உட்கார்ந்தேன். அந்தத் தந்தியில் டிக்கெட் என்ற சொல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். வேறு எண்ணம் ஒன்றும் இல்லை.

அதில் இருப்பது நாலே நாலு சொல், அம்மணி. கடைசியில் உன் பேர்.

டீச்சருக்குத் தெரிய வேண்டாம் என்று ஒரு நாளைக்கு ஒரு சொல்லாகப் பலகையில் பார்த்து எழுதிக் கேட்டேன். திங்கள்கிழமை, 'கிளம்புகிறேன்' என்றாள். செவ்வாய், 'இன்று ராத்திரி'. புதன், 'தயவுசெய்து'. வியாழக்கிழமை ஒன்று எழுதிக் காட்டினேன். "காத்திருங்கள்னு அர்த்தமுங்கப்பா. யாருக்கு எழுதறீங்க?" என்று கேட்டாள். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் மறைக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மறைத்துத்தான் இத்தனை வினையும் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஜன்னல் பக்கம் நின்று நீ படித்தபோது உன் குரல் ஒரு இடத்தில்கூட இடறவில்லை. உன் அம்மாவும் அப்படித்தான் படிப்பாள். நாற்பது வருஷம் எனக்கு எத்தனையோ கடிதம் படித்துக் காட்டினாள். அவளும் எங்கெங்கே மாற்றிப் படித்தாளோ, எனக்கு எது தாங்காது என்று பார்த்துப் படித்தாளோ, இனி யாரைக் கேட்பது?

தாளைக் கிழிக்கவில்லை. அதில் எழுதியிருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துப் பார்க்கும்போது, நீ படித்த மாதிரிதான் நானும் படிக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.
அப்பா